எழும்பாத லெப்டொப்புக்குள் என்ன இருக்கிறது?

மட்டக்களப்பில் ஒரு லெப்டொப் பழுதாவதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. கிழக்கே கடல், மேற்கே 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி, இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். கல்லடியிலோ காத்தான்குடியிலோ ஆரையம்பதியிலோ யன்னலைத் திறந்தால் உப்புக்காற்று. அடுத்தது கரண்ட். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் முழு இலங்கையும் மின்சாரம் இழந்தது என்று அமைச்சரே விளக்கம் சொன்னார். கரண்ட் போவதை விட அது திரும்பி வரும் கணம்தான் மோசமானது. அந்த ஏற்ற இறக்கத்தில் சார்ஜரும் மதர்போர்ட்டும் அடிபடும். இவை இரண்டுக்கும் தப்பியதை மாரி வெள்ளம் வந்து பார்த்துக்கொள்ளும். 2011 ஜனவரியும் 2024 நவம்பரும் இங்கே எவருக்கும் மறந்திருக்காது.

பழுதான லெப்டொப்பைக் கடைக்குக் கொண்டுவருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். "தம்பி, லெப்டொப் போனாப் போகட்டும். அதுக்குள்ள மகள்ட கலியாணப் போட்டோ இரிக்கு, அத மட்டும் எடுத்துத் தாங்க." படித்த பலருக்குப் பிடிபடாத ஒரு விஷயம் இந்தப் பேச்சில் இருக்கிறது. லெப்டொப் வேறு, அதற்குள் இருக்கும் நினைவகம் வேறு. திரை, மதர்போர்ட், பற்றரி, சார்ஜர், ரேம், விண்டோஸ் ஆகியவற்றில் எது பழுதானாலும் லெப்டொப் எழும்பாது. ஆனால் படங்கள் கிடப்பது ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்எஸ்டியிலோதான். மற்றவை எல்லாம் செத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, லெப்டொப் உண்மையிலேயே எழும்பவில்லையா என்பது. இருண்ட அறையில் கைபேசி வெளிச்சத்தைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக ஏதும் தெரிந்தால் போனது திரையின் பின்வெளிச்சம் மட்டுமே. எச்டிஎம்ஐ வயரில் தொலைக்காட்சியோடு இணைத்தால் படம் வரும், படங்களைப் பிரதி எடுத்துவிடலாம். அதுவும் இல்லையென்றால் சார்ஜரையும், கழற்றக்கூடியதாக இருந்தால் பற்றரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே தேங்கிய மின்னூட்டம் இறங்கியதும் பல லெப்டொப்கள் ஒன்றும் நடக்காதது போல எழும்பிவிடுகின்றன. மந்திரம் மாதிரித் தெரிந்தாலும் இது மந்திரமல்ல. மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிறிய சில்லு குழம்பிப்போய் நின்றிருக்கும், மின்னூட்டம் முழுதாக வடிந்தால் அது முதலிலிருந்து தொடங்கும்.

மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் இந்தக் கரையோரத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரேம் தகட்டின் பற்களை. அந்தப் பற்களில் தங்கப்பூச்சு உண்டு. ஆனால் அது மிக மெல்லியது, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளது. காற்றிலிருக்கும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதிலுள்ள குளோரைட்டு துளைகள் வழியே உள்ளே போய் அடியிலிருக்கும் நிக்கலையும் செம்பையும் அரிக்கும். பச்சை படிந்த ஒரு புள்ளி போதும், லெப்டொப் தன் ரேமையே அடையாளம் காணாது. கடைகளில் இதை அழிறப்பரால் தேய்ப்பார்கள். வேலை நடக்கும்தான், ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் மிச்சமிருக்கும் தங்கமும் போகும். ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த துணி நல்லது.

இதற்கும் மசியாவிட்டால் வழி இரண்டு. உபுண்டு போன்ற லினக்ஸ் முறைமையை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து லெப்டொப்பை எழுப்பலாம். விண்டோஸ் மட்டும் கெட்டிருந்தால் இது போதும், கோப்புகள் எல்லாம் திரையில் வந்து நிற்கும். மதர்போர்ட்டே போயிருந்தால் நினைவகத்தைக் கழற்றி, யூஎஸ்பி வயர் கொண்ட உறையில் போட்டு இன்னொரு கணினியில் செருக வேண்டும். பழைய லெப்டொப்களின் இரண்டரை அங்குல டிஸ்க்குக்கு மலிவான சாட்டா வயர் போதும். இப்போது வரும் விரல் நீள எஸ்எஸ்டியில் சாட்டா, என்விஎம்ஈ என்று இரண்டு இனம் உண்டு. பார்வைக்கு உடன்பிறப்புகள், ஆனால் ஒன்றின் உறை மற்றதை வாசிக்காது. உறையை மாற்றிப் போட்டுவிட்டு எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று கையை விரிப்பவர்களும் இருக்கிறார்கள். நினைவகத்தை மதர்போர்ட்டிலேயே பற்றவைத்த மாதிரிகள் என்றால் கதை வேறு. அங்கே மதர்போர்ட்டுக்கு உயிர் கொடுக்காமல் படங்களுக்கு வழியில்லை.

இன்னொரு விஷயம். விண்டோஸில் நுழையும்போது கேட்கும் கடவுச்சொல் உங்கள் படங்களைப் பூட்டி வைப்பதில்லை. குறியாக்கம் செய்யாத டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் செருகினால் யாரும் எதையும் பார்க்கலாம். குடும்பப் படங்கள் இருக்கும் டிஸ்க்கைக் கடையில் ஒப்படைத்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று போகாமல், பிரதி எடுத்து முடியும்வரை பக்கத்தில் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி, டிஸ்க்கே அடிபட்ட நிலை. ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலான லெப்டொப்களில் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. அதன் மேல் வாசிக்கும் முனை சில நானோமீற்றர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தலைமயிரின் தடிப்பு கிட்டத்தட்ட 80,000 நானோமீற்றர். டிஸ்க் 'டிக், டிக்' என்று அடித்தால் முனை தன் இடத்தைத் தேடித் தோற்கிறது என்று பொருள். அந்தச் சத்தத்தோடு ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டைச் சுரண்டக்கூடும். உடனே நிறுத்த வேண்டும். சத்தமில்லாமல் மெதுவாக மட்டும் வாசிக்கும் டிஸ்க் என்றால் டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் உண்டு. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வரும். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் இந்த ஒழுங்குதான் முக்கியம். 'ஃபோர்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் பதில் 'வேண்டாம்'. திருத்துகிறேன் என்று செக்டிஸ்க்கை ஓடவிடவும் வேண்டாம். அது கோப்பு அமைப்பைச் சரிசெய்யும் வேலை, உங்கள் படத்தைக் காப்பது அதன் நோக்கமல்ல.

கோப்புகளின் பட்டியல் அழிந்துபோனாலும் வழியுண்டு. பொருளடக்கம் கிழிந்த புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவது போல, ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் டிஸ்க்கை முதலிலிருந்து வாசித்துக்கொண்டு போகும். ஜேபெக் படம் எதுவானாலும் அதன் முதல் இரண்டு பைட்டுகள் ஒன்றே. அந்த அடையாளத்தைக் கண்ட இடத்தில் ஒரு படம் தொடங்குகிறது. பெயர் போய்விடும், படம் கிடைக்கும். இந்த வித்தை எஸ்எஸ்டியில் அவ்வளவாகப் பலிக்காது. அழித்த இடங்களை 'டிரிம்' என்ற கட்டளை எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது, அதுவும் சும்மா இருக்கும் நேரத்தில் அந்த இடங்களை உண்மையாகவே துடைத்துவிடுகிறது.

வெள்ளத்தில் நனைந்த லெப்டொப்பை ஓன் செய்து பார்க்கும் ஆசைதான் அதன் பெரிய எதிரி. வாவித் தண்ணீரின் உப்பு காலத்துக்குக் காலம் மாறும். முகத்துவாரம் திறந்து மழைநீர் பாயும்போது குறையும், கோடையில் ஏறும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. உப்புத் தண்ணீரில் மின்னழுத்தம் பட்டால் ஒரு முனையிலிருந்து செம்பு கரைந்து மறுமுனையில் இழையாக வளரும். இரண்டும் தொட்டால் ஷோர்ட். சார்ஜர் இல்லாவிட்டாலும் உள்ளே பற்றரி இருக்கிறது, ஆகவே அதை முதலில் கழற்ற வேண்டும். பிறகு அரிசிக்குள் புதைப்பது, வெயிலில் காயவைப்பது, ஹெயர் டிரையர் அடிப்பது எல்லாம் வேண்டாம். ஈரம் போனாலும் உப்பு போகாது. ஹார்ட் டிஸ்க்கின் தட்டின் மேல் காய்ந்து படிந்த ஒரு மைக்ரோமீற்றர் உப்புத்துகளும் மிதக்கும் முனைக்கு மலைதான். அதனால் மீட்பு ஆய்வுகூடங்கள், நனைந்த ஹார்ட் டிஸ்க்கைக் காயவிடாமல் காற்றுப் புகாத பையில் போட்டு அனுப்பும்படி கேட்கின்றன. டிஸ்க்கைக் குளிர்சாதனப்பெட்டியில் வைக்கும் பழைய யோசனையும் வேண்டாம். நம்முடைய காற்றில் வெளியே எடுத்த கணமே அது வியர்த்துவிடும்.

ஒரு டிஸ்க் எவ்வளவு தாங்கும் என்பதற்கு கொலம்பியா விண்ணோடத்தைப் பாருங்கள். 2003 பெப்ரவரி 1ஆம் திகதி அது வானில் சிதறியது. மாதங்கள் கழித்து டெக்சாஸில் வற்றிய ஏரிப்படுக்கை ஒன்றில் 340 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று கிடைத்தது. செனோன் வாயுவின் பிசுக்குமையை அளந்த ஆய்வின் தரவு அதில் இருந்தது. வெளிப்பகுதி கருகியிருந்தது, தூசி புகாமல் காக்கும் அடைப்பு உருகியிருந்தது. ஆனால் தட்டுகள் வளையவில்லை. மினியாபோலிஸுக்கு அருகிலிருந்த குரோல் ஒன்ட்ராக் நிறுவனத்தார் தட்டுகளைச் சுத்தம் செய்து புதிய உறுப்புகளோடு பொருத்தி, தரவில் 99 சதவீதத்தை எடுத்துவிட்டார்கள். 2008இல் அந்த ஆய்வு வெளிவந்தது. இதில் அதிர்ஷ்டமும் உண்டு. டிஸ்க் பாதிதான் நிரம்பியிருந்தது, தட்டில் விழுந்த காயங்கள் எழுதப்படாத பாதியில் இருந்தன. அதே விண்ணோடத்தில் கிடைத்த வேறு இரண்டு டிஸ்க்குகளிலிருந்து ஒன்றும் வரவில்லை.

மீட்புக்கலை எவ்வளவு வளர்ந்தாலும் இரண்டாவது பிரதிக்கு ஈடாகாது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக்கணியைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் போனவை போனவைதான், ஏனென்றால் அந்தக் காலத்துக்குத் தனியாக வைத்த பிரதி இல்லை. அரசாங்கத்துக்கே இந்தக் கதி. படங்களின் ஒரு பிரதியை வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை வீட்டில் வைத்தால் இன்னொன்றை மேற்கே படுவான்கரையில் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். ஒரே வெள்ளம், ஒரே திருடன், ஒரே மின்னல் இரண்டையும் தொடாத தூரம் வேண்டும்.

புது லெப்டொப் வாங்கியவர்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. 2024 பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, மைக்ரோசொஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவும்போது பெரும்பாலான லெப்டொப்களில் டிஸ்க் குறியாக்கம் தானாகவே பூட்டிக்கொள்கிறது. உங்களிடம் கேட்பதில்லை. அப்படிப் பூட்டிய டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் செருகினால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது இல்லாமல் எந்தக் கடைக்காரராலும், கொலம்பியா டிஸ்க்கைத் திறந்த நிறுவனத்தாலும்கூட, ஒரு படத்தை எடுக்க முடியாது. சாவி உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். லெப்டொப் எழும்பிக்கொண்டிருக்கும்போதே அதைப் பார்த்து, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.