சின்னப் பாக்கெட், பெரிய பொறுப்பு

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு இல்லாத மளிகைக் கடை கிராமத்தில் ஏது? கல்லாவில் சேரும் காசைப் பார்த்தால் சுண்ணாம்பு நமக்குக் கடைசி வரிசைச் சரக்குதான். ஆனால் ஒரு குழந்தையின் கண்ணைப் பறிக்கக்கூடிய சரக்கும் அதுவே என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

முன்பெல்லாம் பானையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து வெற்றிலையில் தடவிக் கொடுத்தோம். இன்று சிறு பிளாஸ்டிக் பாக்கெட்டுகளாகத் தொங்கவிடுகிறோம். பாட்டிக்காக வாங்க வருவது பேரக்குழந்தை. வழியில் அதை அழுத்தி விளையாடும், பல்லால் கடிக்கும். பாக்கெட் வெடித்தால் சுண்ணாம்பு நேரே கண்ணில் தெறிக்கிறது. டில்லி எய்ம்ஸ் கண் மருத்துவர்கள் 2006-லேயே இத்தகைய காயங்களைப் பற்றி மருத்துவ இதழில் எழுதி எச்சரித்துள்ளனர்.

சுண்ணாம்பு கடுமையான காரப் பொருள். அது கண்ணின் திசுக்களை அரித்துக்கொண்டு உள்ளே இறங்கும். துணுக்குகள் இமைக்கு அடியில் ஒட்டிக்கொண்டால், அவற்றை அகற்றும் வரை கேடு தொடரும். கருவிழி வெளுத்துப் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம்.

பட்டுவிட்டால் என்ன செய்வது?

முதல் மருந்து தண்ணீர். அந்த இடத்திலேயே, அந்த நிமிடமே கழுவ வேண்டும். இமைகளை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரைக் குறைந்தது 15 முதல் 30 நிமிடம் வரை தொடர்ந்து ஊற்ற வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், எலுமிச்சைச் சாறு எதுவும் விடக் கூடாது. கழுவிய பின் தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வலி குறைந்துவிட்டது என்று வீட்டில் இருந்துவிடுவது ஆபத்து.

கடையில் நாம் செய்யக் கூடியவை

1. சுண்ணாம்புப் பாக்கெட்டைச் சிறுவர் கையில் கொடுக்க வேண்டாம். பெரியவரை வரச் சொல்லுங்கள்.

2. மிட்டாய், பிஸ்கட் பக்கத்தில் தொங்கவிடாமல், கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

3. இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வரும் சுண்ணாம்பை மொத்த வியாபாரிகளிடம் கேட்டு வாங்குங்கள். நாம் கேட்டால்தான் தயாரிப்பாளர் மாறுவார். மொத்த வியாபாரிகளும் இதை அவர்களிடம் வற்புறுத்த வேண்டும்.

4. பொங்கலுக்கு வெள்ளையடிக்க விற்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பு, தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். "நீற்றும்போது குழந்தைகளை அருகில் விடாதீர்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்.

5. கடையில் ஒரு குடம் நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

சிறுவனைத் திருப்பி அனுப்பினால் அன்றைய விற்பனையில் சில்லறைக் காசுதான் குறையும். அவன் நம் வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளை. நாளை நம் கடைக்கே வாடிக்கையாளராக வரப்போகிறவன். சரக்கைக் கொடுக்கும்போது யார் கையில் கொடுக்கிறோம் என்று பார்ப்பதும் வியாபார தர்மமே.