எங்க ஊர் எங்கே சார்?

எண்பதுகளில் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் நல்ல வரைபடம் என்று ஒன்றோ இரண்டோ இருக்கும். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துச் சுருட்டி, தலைமையாசிரியர் அறை மூலையில் சாத்தியிருப்பார்கள். பீரியடுக்கு முன்னால் ஒரு பையன் ஓடிப்போய்த் தூக்கிவருவான். கரும்பலகைக்கு மேல் ஆணியில் மாட்டி, வாத்தியார் குச்சியால் தக்காணப் பீடபூமியைத் தொடுவார். கங்கை எங்கே புறப்படுகிறது, சணல் எங்கே விளைகிறது எல்லாம் தெரியும். “எங்க ஊர் எங்கே சார்?” என்றால் குச்சி செங்கல்பட்டுப் பக்கம் சும்மா ஒரு வட்டம் போடும். அந்த அளவில் நம் ஊருக்கு ஒரு புள்ளி வைக்கவும் இடமில்லை.

மற்றபடி வரைபடம் என்றால் மார்க்குதான். அவுட்லைன் மேப் வாங்கி, கடலோரம் நீலக் கலர் பென்சிலால் தீற்றி, கேட்டதைக் குறித்து, விடைத்தாளோடு நூல் கோத்துக் கட்டினால் வேலை முடிந்தது. (பத்தாம் வகுப்பில் இந்தப் பாடு இன்னும் தீரவில்லை.)

ஊரைக் காட்டும் படமே கிடையாது என்றில்லை. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கும் வேலையே 1802-இல் பரங்கிமலைப் பக்கம் நில அளவையாளர் லாம்டன் போட்ட அடிக்கோட்டில்தான் தொடங்கியது. இந்திய நில அளவைத் துறையின் டோப்போ ஷீட்டில் ஏரி, கோயில், வண்டிப்பாதை வரை உண்டு. ஆனால் கடலோரத் தாள்கள் அப்போது சாதாரண ஆள் கைக்கு வராது. கிராமத்துப் புல வரைபடம் வி.ஏ.ஓ. கட்டில் கிடக்கும், பத்திரம், பாகப்பிரிவினை என்றால் மட்டும் வெளியே வரும்.

2005-இல் கூகுள் எர்த் வந்தது. 2009-இல் இஸ்ரோவின் ‘புவன்’ வரைபடத் தளம். 2021 பிப்ரவரியில், வரைபடம் தயாரிக்க முன் அனுமதி வேண்டியதில்லை என்று மத்திய அரசே விதியைத் தளர்த்தியது. புல வரைபடத்தையும், நிலத்தின் பரப்பைச் சொல்லும் ‘அ’ பதிவேட்டையும் இப்போது தமிழக அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

ஹைடெக் லேப் உள்ள பள்ளியில் பிள்ளைகளைக் கணினி முன் உட்காரவைத்தால் எல்லாரும் முதலில் தேடுவது தங்கள் வீட்டைத்தான். “டேய், அது எங்க மாட்டுக் கொட்டாய்டா!” இந்தக் கூச்சல் ஓயப் பத்து நிமிடமாகும், ஓயட்டும் என்று விடுகிற ஆசிரியர் விவரமானவர். அடுத்து ஏரி. கரையோரமாகச் சுட்டியால் புள்ளி வைத்துக்கொண்டே சுற்றிவந்தால் பரப்பு ஹெக்டேரில் வந்துவிடும். அதைப் பதிவேட்டிலுள்ள பரப்போடு ஒப்பிடலாம். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படத்துக்குப் போய், தண்ணீர் நின்ற இடத்தில் தெருக்கள் முளைத்ததையும் பார்க்கலாம். சென்னைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கரணை இருக்கிறது. 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அந்தச் சதுப்புநிலத்தின் விளிம்பை ஆண்டுவாரியாக நகர்த்திப் பார்த்த பிள்ளைக்கு ஆக்கிரமிப்பு பற்றித் தனியாகப் பாடம் எடுக்க வேண்டாம்.

ஆனால் திரையை நம்பி மட்டும் பேசினால் மாட்டிக்கொள்வோம். ஆனி, ஆடியில் எடுத்த படத்தில் ஏரி விளையாட்டு மைதானம் மாதிரி தெரியும். கார்த்திகைப் படத்தில் தளும்பும். மேலிருந்து பார்த்தால் பச்சைப் பசேல் என்றிருக்கும்; கிட்டப் போனால் அத்தனையும் சீமைக்கருவேலம். இன்னொன்று, திரையில் கண்ணில் படுவதெல்லாம் செல்போன் கடை, பிரியாணிக் கடை, பேங்க். மதகு இருக்காது, தெருக்குழாய் இருக்காது. மெயின் ரோட்டுக்குப் பெயர் இருக்கும். காலனித் தெருக்கள் பெயரில்லாத வெறும் கோடுகளாக நிற்கும். ஆகவே பிள்ளைகள் படத்தை அச்செடுத்துப் பரீட்சை அட்டையில் செருகிக்கொண்டு தெருத்தெருவாக நடக்க வேண்டியிருக்கிறது. எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று குறிக்கிறார்கள். குழாய்களை எல்லாம் கணினிப் படத்தில் ஏற்றி முடித்ததும், எந்தத் தெருவில் நெருக்கமாக இருக்கின்றன, எங்கே ஒன்றுகூட இல்லை என்பது பளிச்சென்று தெரிகிறது. பழைய மரச்சட்டப் படத்தால் இது ஆகாது. யார் வீடு என்ற விவரத்தை மட்டும் ஏற்றக் கூடாது. அதில் கண்டிப்பு வேண்டும்.

திண்டைத் தாண்டும்போது ஏதாவது ஒரு தாத்தா கூப்பிடாமல் இருக்கமாட்டார். “இன்னா எழுதறீங்க? ஏரிக்கு வரத்துக் கால்வாய் இப்படித்தான் வரும், போட்டுக்கோ” என்பார். அவர் கைகாட்டும் இடத்தில் மனை பிரித்துக் கல் நட்டிருக்கும். யாரும் திருத்தலாம் என்கிற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அதை வரைய முடியாது. இன்று தரையில் இருப்பதை மட்டுமே வரைய வேண்டும் என்பது அங்கே விதி. இல்லாத கால்வாயை எங்கே வைப்பது என்று வகுப்பில் சண்டை வரும். வழி இருக்கிறது. பள்ளிக்கென்று தனிப் படம் ஒன்று தொடங்கி, அதில் தாத்தா சொன்னதை ஓர் அடுக்காகவும் புல வரைபடத்தில் உள்ளதை இன்னோர் அடுக்காகவும் வைத்து, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். பொருந்திவிட்டால் அக்டோபர் 2 கிராம சபைக்கு அச்செடுக்க வேண்டியதுதான்.