கருவியும் ஹிம்மத்தும்

திருவள்ளூரிலிருந்து திருத்தணி செல்லும் சாலையில் உள்ளது திருப்பாச்சூர். தொழிற்சாலைகள் பெருகிவிட்ட இவ்வட்டாரத்தில் ஷிப்டு முறையில் வேலைக்குச் செல்லும் பெற்றோர் பலர். பிள்ளைகளின் மாலைநேரப் படிப்பு மெல்ல மெல்லக் கைபேசியின் பொறுப்பில் போய்ச் சேர்ந்திருக்கிறது. பாடம் அதில் இருக்கிறது. படிக்கும் ஊக்கம் எங்கிருந்து வரும் என்பதே இங்கு நாம் ஆராய விரும்பும் வினா.

மாணவர் கையில் கருவியைக் கொடுத்துப் பார்த்த பெருமுயற்சி ஒன்று இம்மாவட்டத்தில்தான் தொடங்கியது. 2011 செப்டம்பர் 15 அன்று, அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா திருவள்ளூரை அடுத்த காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அடுத்த பத்தாண்டுக்குள் 50 இலட்சம் அளவில் மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் சொந்தமாகக் கணினி ஒன்றைப் பெற்றது அதனால்தான்; அந்நன்மையை மறுப்பது நியாயமாகாது. ஆயினும் ஒரே வகுப்பில் அதைப் பெற்ற இருவரில் ஒருவர் நிரல் எழுதப் பழகினார், மற்றவர் திரைப்படம் பார்த்தார் என்பதும் நாம் கண்டதே.

விரும்பிச் சேர்ந்தோரிடமும் இதே நிலைதான். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் இணையத்தில் நடத்திய பாடங்களைப் பற்றிய ஆய்வொன்று 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. 2017-18இல் அவற்றில் நுழைந்தோருள் முடித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் மூவரே! ஆசிரியர்கள் உலகப் புகழ் பெற்றவர்கள், பாடத்திலும் குறையில்லை.

பரிசு தந்து ஈர்க்கலாமே என்பர். கல்விச் செயலிகள் நட்சத்திரமும் நாணயமும் வாரி வழங்குவது அதற்காகவே. ஆனால் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட சோதனை வேறொன்றைக் காட்டிற்று. புதிர்களை விடுவிக்கப் பணம் பெற்ற மாணவர்கள், பணம் நின்றதும் முன்பிருந்த ஆர்வத்தையும் இழந்தனர். பின்னர் அவரும் ரிச்சர்ட் ரையனும் ஊக்கத்திற்கு மூன்று தேவைகளைக் கூறினர்: தானே தேர்ந்தோம் என்ற உணர்வு, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, பிறரோடு கொண்ட பிணைப்பு. முதலிரண்டையும் நல்ல செயலி ஓரளவு தரக்கூடும். மூன்றாவதைத் தருவது அதற்கு அரிது.

ஹிதாயா ஆசிரியர் மர்கீனானியின் மாணவரான இமாம் ஸர்னூஜி, ‘தஃலீமுல் முதஅல்லிம்’ நூலில் நிய்யத்துக்குத் தனிப் பாடம் ஒதுக்கினார்; விடாமுயற்சிக்கும் ஹிம்மத்துக்கும் இன்னொன்று. உஸ்தாதையும் தோழரையும் தேர்ந்தெடுப்பது பற்றியும் விரிவாகப் பேசுகிறார். வெறுமனே திரும்பத் திரும்ப ஓதுவதைவிட ஒருவரோடு ஒருவர் வினாவி விவாதிப்பதை அவர் மேலாக மதிக்கிறார். நம் மதரஸாக்களில் இரவில் வட்டமாக அமர்ந்து நடக்கும் தக்ராரின் சிறப்பும் அதுவே. நாளைக் காலை உஸ்தாத் கேட்பார், இன்றிரவு தோழன் கேட்பான்! இந்த எதிர்பார்ப்புதான் உறக்கம் வரும் கண்களைக் கிதாபில் நிறுத்துகிறது.

அரசின் அனுபவமும் இதற்கு மாறானதன்று. 2019 ஆகஸ்ட் 26இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்ட காலத்தில் பாடங்களை வீடுகளுக்குக் கொண்டு சென்றது. அதனால் மட்டும் கற்றல் இடைவெளி அடைபடவில்லை. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பெற்றது. தெருத்தோறும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தனர்.

கைபேசியை விலக்க வேண்டுமென நாம் கூறவில்லை. கிராஅத் ஒலிப்பதிவுகளை நாமே மாணவர்களுக்கு அனுப்புகிறோம். எனினும் இரவில் அனுப்பியதை மறுநாள் ஒவ்வொருவரும் ஓதிக் காட்ட வேண்டும். பத்துப் பேருக்கு அரைமணி நேரம் பிடிக்கிறது. ஷிப்டு முடித்து வரும் தாயும் சோறு பரிமாறும்போது, “இன்னிக்கு அதுல என்ன படிச்சே, எனக்கும் சொல்லு” என்று கேட்கலாம். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவராயினும் பாதகமில்லை.