குரல் இல்லாத காலத்தின் ‘பான் இந்தியா’ நட்சத்திரங்கள்: பேசாப் பட ரசிகர்கள் கொண்டாடியது யாரை, ஏன்?

மும்பை: ஒரு திரைப்படம் ஐந்து மொழிகளில் குரல் மாற்றம் செய்யப்பட்டு, நாடு முழுவதும் ஒரே நாளில் வெளியானால், அதில் நடித்தவரைப் ‘பான் இந்தியா’ நட்சத்திரம் என்று இன்று அழைக்கின்றனர். நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அதற்குக் குரல் மாற்றம் தேவைப்படவில்லை. திரையில் குரலே இல்லை. லாகூரிலும் கல்கத்தாவிலும் மதராஸிலும் ஒரே முகத்தை, ஒரே கண்ணசைவை, ஒரே வாள்வீச்சை ரசிகர்கள் பார்த்தனர். இந்தியத் திரையுலகின் முதல் தலைமுறை நட்சத்திரங்கள் இவ்வாறு, மொழி குறுக்கிடாத ஒரு சந்தையில்தான் உருவாயினர்.

அவர்களுள் முதலிடம் பெற்றவர் சுலோசனா. இயற்பெயர் ரூபி மையர்ஸ். 1907-ஆம் ஆண்டு புணேயில் பாக்தாதி யூதக் குடும்பத்தில் பிறந்த இவர், தொலைபேசி இணைப்பகத்தில் பணியாற்றி வந்தார். கோஹினூர் ஃபிலிம் கம்பெனியின் மோகன் பவ்னானி நடிக்க அழைத்தபோது முதலில் மறுத்தார், பின்னர் இசைந்தார். 1925-இல் வெளியான ‘வீர் பாலா’ அவருக்குப் பெயர் பெற்றுத் தந்தது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் ‘டைப்பிஸ்ட் கேர்ள்’, ‘மாதுரி’, ‘அனார்கலி’, ‘இந்திரா பி.ஏ.’ எனப் படங்கள் தொடர்ந்தன. 1927-இல் வெளியான ‘வைல்டு கேட் ஆஃப் பாம்பே’ படத்தில் எட்டு வேடங்கள். தோட்டக்காரர், காவலர், ஹைதராபாத் கனவான், வாழைப்பழம் விற்கும் மூதாட்டி, கைதேர்ந்த பிக்பாக்கெட் ஆகியவை அவற்றுள் அடங்கும். வசனம் இல்லாத காலத்தில் ஒரே நடிகை இத்தனை பேராக மாறிக் காட்டியதே ரசிகர்களுக்குப் பெரிய வியப்பாக இருந்தது.

ஆளுநரைவிட அதிகச் சம்பளமா?

சுலோசனாவைப் பற்றிய எந்தக் கட்டுரையிலும் ஒரு தகவல் தவறாமல் இடம்பெறும். அவர் மாதம் ரூ.5,000 ஊதியம் பெற்றார். அது பம்பாய் மாகாண ஆளுநரின் சம்பளத்தைவிட அதிகம் என்பதே அது. இந்தக் கணக்கு பொருந்தவில்லை. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் பம்பாய் ஆளுநருக்கு ஆண்டுக்கு ரூ.1,20,000, அதாவது மாதத்துக்கு ரூ.10,000 என நிர்ணயித்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் அப்பதவிக்கான ஊதியம் இதற்குக் குறைவாக இருக்கவில்லை.

ஆயினும் இக்கதை இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அன்றைய மாகாணத்தின் மிக உயர்ந்த பதவி ஆளுநர் பதவி. தாங்கள் சில அணாக்கள் கொடுத்துப் பார்க்கும் ஒரு பெண், அந்த வெள்ளைக்கார அதிகாரியையும் மிஞ்சிவிட்டார் என்று சொல்லிக்கொள்வதில் ரசிகர்களுக்கு இருந்த மகிழ்ச்சியே அந்தத் தகவலைச் சுமந்து வந்துள்ளது எனக் கொள்ளலாம்.

பெயர் மாற்றமும் பெருமையும்

பெண்கள் திரையில் தோன்றுவதே இழிவாகக் கருதப்பட்ட காலம் அது. 1913-இல் தாதாசாகேப் பால்கே ‘ராஜா ஹரிச்சந்திரா’வை எடுத்தபோது தாராமதி வேடத்துக்குப் பெண் கிடைக்கவில்லை. உணவகம் ஒன்றில் பணியாற்றிய அண்ணா சாலுங்கே என்ற இளைஞர் அவ்வேடத்தை ஏற்றார். 1917-இல் வெளியான ‘லங்கா தகன்’ படத்தில் அவரே ராமராகவும் சீதையாகவும் நடித்தார். ராமர் திரையில் தோன்றியதும் பார்வையாளர்கள் காலணிகளைக் கழற்றி வணங்கியதாகத் திரை வரலாற்றுப் பதிவுகள் கூறுகின்றன. அது நடிகருக்குக் கிடைத்த வணக்கம் அன்று, கடவுளுக்குக் கிடைத்தது. நடிகரின் முகத்துக்காகவே கூட்டம் கூடுவது அடுத்த பத்தாண்டுகளில்தான் பரவலாயிற்று.

அந்த இடைவெளியை நிரப்பியவர்களில் ஆங்கிலோ இந்திய, யூதப் பெண்கள் பலர். கல்கத்தாவின் மதன் தியேட்டர்ஸ் நிறுவனத்தில் பேஷன்ஸ் கூப்பர் தம் சொந்தப் பெயரிலேயே புகழ்பெற்றார். மற்றவர்களுக்குப் பெயர் மாற்றம் தேவைப்பட்டது. ரெனீ ஸ்மித், சீதா தேவியானார். ரூபி மையர்ஸ், இந்திரஜித்தின் மனைவியான சுலோசனையின் பெயரைப் பெற்றார். ‘அழகிய கண்களை உடையவள்’ என்று பொருள்படும் அப்பெயர், கண்களால் மட்டுமே பேச வேண்டியிருந்த நடிகைக்குப் பொருத்தமாகவே அமைந்தது.

எட்டி போலோவும் ரங்காச்சாரியார் குழுவும்

அன்றைய ரசிகர்களின் அன்பு உள்நாட்டு நடிகர்களோடு நின்றுவிடவில்லை. உண்மையில் அரங்குகளில் ஓடிய படங்களில் பெரும்பகுதி அமெரிக்கப் படங்களே. வாரந்தோறும் தொடராக வந்த சண்டைப் படங்களின் நாயகன் எட்டி போலோ, நகைச்சுவை நாயகர்கள் சார்லி சாப்ளின், ஹெரால்டு லாயிட், சாகச வீரர் டக்ளஸ் ஃபேர்பேங்ஸ் ஆகியோரை ஆங்கிலம் அறியாத தொழிலாளர்களும் பெயர் சொல்லி அறிந்திருந்தனர்.

இந்தச் செல்வாக்கு ஆட்சியாளர்களை உறுத்தியது. அமெரிக்கப் படங்களைப் பார்க்கும் இந்தியர்களுக்கு வெள்ளையர் மீதுள்ள மதிப்பு குறைகிறது என்ற கவலை ஒருபுறம். பிரிட்டிஷ் படங்களுக்குச் சந்தை கிடைக்கவில்லை என்ற வருத்தம் மறுபுறம். 1927-இல் இந்தியத் திரைப்பட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவராக நியமிக்கப்பட்டவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார்.

குழு நாடெங்கும் பயணம் செய்து 300-க்கும் மேற்பட்டோரிடம் சாட்சியம் பெற்றது. இந்திய ரசிகர்கள் எதை விரும்பினர் என்பதற்கு இன்றும் நமக்குக் கிடைக்கும் சிறந்த ஆவணம் அந்தச் சாட்சியத் தொகுதிகளே. ஃபேர்பேங்ஸ் நடித்த ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ மிகுந்த வரவேற்பைப் பெற்ற மேலைநாட்டுப் படமாக அவற்றில் தெரியவருகிறது. கீழை நாட்டுக் கதை, பறக்கும் கம்பளம், வெற்றுடம்பில் வீரன் என அதில் அனைத்தும் விளக்கமின்றியே புரிந்தன. இந்தியக் கதை கிடைத்தால் மக்கள் அதையே விரும்புகின்றனர் என்பதையும் குழு பதிவு செய்தது. பிரிட்டிஷ் படங்களுக்குத் தனிச் சலுகை அளிக்கும் யோசனையை அது ஏற்கவில்லை.

பேசாப் படம் முற்றிலும் மொழியற்றது என்று கொள்வதும் தவறாகும். காட்சிகளுக்கிடையே வரும் எழுத்து அட்டைகள் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, உருது எனப் பல மொழிகளில் அச்சிடப்பட்டன. தெற்கே தமிழிலும் தெலுங்கிலும் வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதோர் பெருந்திரளாக இருந்ததால், திரையின் ஓரத்தில் நின்று கதையை உரக்கச் சொல்வதற்கென ஆள் இருந்தார். ஆர்மோனியமும் தபலாவும் உடன் ஒலித்தன. மொழி அரங்குக்குள் இருந்தது. நட்சத்திரத்தின் வாயில் மட்டும் இல்லை. ஆகவே ஒவ்வோர் ஊரும் அந்த நட்சத்திரத்தைத் தன்னுடையவராகக் கருத முடிந்தது.

புதுக்கோட்டையிலிருந்து பம்பாய்க்கு

இதற்குத் தெளிவான சான்று ராஜா சாண்டோ. புதுக்கோட்டையைச் சேர்ந்த பி.கே. நாகலிங்கம் உடற்பயிற்சி வீரர். உலகப் புகழ்பெற்ற பலசாலி யூஜின் சாண்டோ 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து சென்ற பின்னர், கட்டுமஸ்தான உடல் கொண்டவர்களுக்கு அப்பெயரைச் சூட்டும் வழக்கம் பரவியது. பிற்காலத்தில் சாண்டோ சின்னப்பா தேவர் பெற்றதும் அதே அடைமொழிதான். பம்பாய் சென்ற நாகலிங்கம், ராஜா சாண்டோ என்ற பெயரில் கோஹினூர் படங்களில் சுலோசனா, கோஹர் ஆகியோருடன் நடித்து வட இந்திய ரசிகர்களின் நாயகரானார். தமிழர் ஒருவர் பம்பாயில் முன்னணி நடிகராவதற்கு அவருடைய உச்சரிப்பை எவரும் சோதிக்க வேண்டியிருக்கவில்லை.

ஒலி வந்ததும் நேர்ந்தது

1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் திரையரங்கில் ‘ஆலம் ஆரா’ வெளியானது. நாலணா டிக்கெட் கள்ளச்சந்தையில் நான்கைந்து ரூபாய்க்கு விலைபோனது என்பது அக்காலத் திரையரங்குத் தரப்பினரின் நினைவு. அப்படத்தைத் தயாரித்த இம்பீரியல் நிறுவனத்தின் முதன்மை நட்சத்திரம் அப்போது சுலோசனாதான். எனினும் நாயகி வேடம் ஜுபைதாவுக்குச் சென்றது. சுலோசனாவுக்கு இந்துஸ்தானி சரளமாக வரவில்லை.

நாயகனாக நடித்த மாஸ்டர் விட்டல், வாள்சண்டைப் படங்களால் ‘இந்தியாவின் டக்ளஸ் ஃபேர்பேங்ஸ்’ எனப் போற்றப்பட்டவர். இப்படத்துக்காகப் பழைய நிறுவனத்தை விட்டு வந்ததால் அவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அவருக்காக முகமது அலி ஜின்னா வாதாடி வென்றார். ஆனால் திரையில் அவருடைய பேச்சு எடுபடவில்லை. பல காட்சிகளில் அவர் மயங்கிய நிலையில் இருப்பதாகக் கதை அமைக்கப்பட்டதற்கு அதுவே காரணம் என்பர். பின்னாளில் அவர் மராத்திப் படங்களில் துணை வேடங்களுக்கு நகர்ந்தார்.

சுலோசனா ஓராண்டு ஒதுங்கியிருந்து மொழி பயின்றார். ‘மாதுரி’, ‘இந்திரா’, ‘அனார்கலி’ என்று தம் பேசாப் படங்களையே பேசும் படங்களாக மீண்டும் நடித்தார். சில ஆண்டுகள் அது பலித்தது. ஆனால் ரசிகர்களின் விருப்பம் அதற்குள் பாடும் குரல்களை நோக்கித் திரும்பிவிட்டது. தமிழகத்தில் கே.பி. சுந்தராம்பாள், எம்.கே. தியாகராஜ பாகவதர் போன்ற மேடைப் பாடகர்கள் நட்சத்திரங்களாயினர். ஊர் திரும்பிய ராஜா சாண்டோ இயக்குநராக நிலைபெற்றார். ‘மேனகா’வும், பாகவதர் நடித்த ‘திருநீலகண்ட’ரும் அவர் இயக்கியவையே. மாநில அரசின் ராஜா சாண்டோ விருது வழியாக அப்பெயர் இன்றும் ஒலிக்கிறது.

1953-இல் வெளிவந்த புதிய ‘அனார்கலி’யில் சுலோசனாவும் இருந்தார், இம்முறை நாயகியாக அல்ல, சலீமின் தாயாக. 1973-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்கு அளிக்கப்பட்டது. 1983-இல் மும்பையில் காலமானார்.

இந்தியாவில் தயாரான பேசாப் படங்கள் 1,300-க்கும் மேற்பட்டவை. அவற்றுள் இன்று முழுமையாகவோ துண்டுகளாகவோ கிடைப்பவை மிகச் சில. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்கள் எரிந்தன, மட்கின. எஞ்சியவற்றில் பல, வெள்ளி பிரித்தெடுப்பதற்காக எடைக்கு விற்கப்பட்டன. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்ட 1964-ஆம் ஆண்டுக்குள் பெரும்பகுதி அழிந்திருந்தது. அக்கால ரசிகர்கள் சீட்டியடித்துக் கொண்டாடிய சுலோசனாவை, எட்டு வேடங்களில் தோன்றிய அந்த இளம் பெண்ணை, இன்றைய ரசிகர்கள் பெரும்பாலும் நிழற்படங்களில் மட்டுமே காண இயலும்.