சி ஷிப்ட் வீட்டில் சாக்ஸ் தகராறு

காலை ஏழு மணி வாக்கில் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இரண்டு கூட்டங்கள் எதிரெதிராகப் போகும். ஒன்று, சி ஷிப்ட் என்கிற நைட் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸிலும் பைக்கிலும் வீடு திரும்பும் கூட்டம். இன்னொன்று, பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட ஓடும் கூட்டம். பல வீடுகளில் இந்த இரண்டும் ஒரே ஆள்தான். ராத்திரி பூரா உருக்காலை அனலில் நின்ற அப்பா பாயைத் தேடும் அதே நேரத்தில்தான் யூ.கே.ஜி. மகளுக்கு சாக்ஸ் குத்தும். கழற்றி வீசுவாள். வேறு ஜோடி எடுத்துக் கொடுத்தால் அதுவும் குத்தும். ஷூ பறக்கும். வாசலில் வேன்காரர் ஹாரனை விடாமல் அடிப்பார். அடுத்து அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதைப் பாதி தீர்மானிப்பது, அப்பா கழித்த முந்தைய ராத்திரி.

தூக்கம் கெட்டால் கோபம் மூக்குநுனிக்கு வரும் என்பது ஊரறிந்த சங்கதி. எந்த அளவுக்கு என்பதை அமெரிக்காவில் மேத்யூ வாக்கர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஸ்கேன் எடுத்தே பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்த இளைஞர்களிடம் மனதைக் கலக்கும் படங்களைக் காட்டியபோது, பயத்தையும் ஆத்திரத்தையும் கிளப்பும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி, நன்றாகத் தூங்கியவர்களைவிட 60 சதவீதம் கூடுதலாகக் கொதித்தது. அதை இழுத்துப் பிடிக்கும் முன்மூளையோடு அதற்கிருந்த தொடர்பும் தளர்ந்துபோயிருந்தது. சின்னப் பிள்ளைக்கோ அந்த முன்மூளை இனிமேல்தான் வளரவேண்டும். முழுசாக முதிர இருபது வயது தாண்டும். ஆக, சாக்ஸ் தகராறில் எதிரும் புதிருமாக வருவது பிரேக் பிடிக்காத இரண்டு வண்டிகள். அதில் ஒன்றுக்காவது பிரேக் இருந்தாக வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வீறிட்டு அழுகிற பிள்ளையைப் பாட்டிமார்கள் என்ன செய்வார்கள் என்று கவனித்தால் போதும். "ஏன் அழறே, சொல்லு" என்று விசாரணை வைக்கமாட்டார்கள். இடுப்பில் தூக்கி, முதுகைத் தட்டி, வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடப்பார்கள், காக்காயைக் காட்டுவார்கள். பேச்செல்லாம் பிறகுதான். ஜப்பானில் குமி குரோடாவின் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பாட்டி வைத்தியத்துக்கு அத்தாட்சி மாதிரி அமைந்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளை அம்மா சும்மா மடியில் வைத்திருப்பதைவிட, தூக்கிக்கொண்டு நடந்தபோது அழுகை சட்டென்று தணிந்தது. இதயத் துடிப்பும் குறைந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நிதானம் என்றால் வாயை மூடிக்கொண்டு முகத்தை உம்மென்று வைத்திருப்பது என்று பல அப்பாக்கள் நினைக்கிறார்கள். "நான்தான் ஒரு வார்த்தைகூடத் திட்டலையே" என்பார்கள். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் நடத்திய சோதனை இந்தக் கணக்கைக் கலைத்துவிட்டது. கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் அம்மா, திடீரென்று சில நிமிடங்கள் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் இருக்கவேண்டும். திட்டு கிடையாது, அடி கிடையாது. குழந்தை முதலில் சிரித்துக் கூப்பிடுகிறது, கையை நீட்டுகிறது, கத்துகிறது. கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு துவண்டுபோகிறது. பெரியவர் பக்கத்தில் இருந்தும் இல்லாத நிலைமை அதற்குப் பெரிய தண்டனை. செல்போனுக்குள் புதைந்த முகத்தை இதோடு சேர்த்துக்கொள்ள யாருக்கும் தயக்கம் வராது.

அதே ட்ரோனிக் சொன்ன இன்னொரு விஷயம் பெற்றோர் வயிற்றில் பால் வார்க்கும். பாசமான அம்மாவும் குழந்தையும்கூட ஒருவருக்கொருவர் இசைந்துபோவது சுமார் 30 சதவீத நேரம்தான். மீதி நேரமெல்லாம் தப்பும் தவறுமாகப் போய், மறுபடி சரிசெய்துகொள்வதுதான். காலையில் கத்திவிட்ட அப்பா, சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும் மகளிடம் "காலைல அப்பா ரொம்ப சத்தம் போட்டுட்டேன்ல கண்ணு? தூக்கக் கலக்கம்டா" என்று சொல்வதும் இந்தச் சரிசெய்தலில் சேர்த்திதான். பிள்ளையிடம் இறங்கிப் பேசினால் தலைமேல் ஏறிவிடும் என்ற பயம் நம்மிடம் நிறைய. சாக்ஸ் போடாமல் ஸ்கூலுக்குப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. சாக்ஸ் போட்டாகவேண்டும், அதைச் சொல்லும் குரல்தான் மாறவேண்டும்.

சாக்ஸ் சின்ன விஷயம். தலைக்குமேல் குண்டு விழும்போது? இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா பிராய்டும் டோரதி பர்லிங்காமும், அம்மா பதறாமல் பக்கத்தில் இருந்தவரை சிறு குழந்தைகள் குண்டுவீச்சைத் தாங்கிக்கொண்டதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். அம்மா நடுங்கினால் பிள்ளையும் நடுங்கியது.

இந்தக் கதை திருவள்ளூர் மாவட்டத்துக்குத் தூரத்துக் கதை அல்ல. இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்தவர்களின் முகாம் கும்மிடிப்பூண்டியிலேயே இருக்கிறது. குழந்தைகளாக வந்தவர்களுக்கே இப்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவர்கள் விட்டுவந்த மண்ணில், சுனாமியை ஒட்டி வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிக் குழந்தைகளிடம் கிளாடியா கட்டானி குழுவினர் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. போரும் கடலும் மட்டுமின்றி, வீட்டுக்குள் விழுந்த அடியும் அந்தக் குழந்தைகளின் மனதைச் சிதைத்திருந்தது. அப்பா குடிக்கும் வீடுகளில் அடி அதிகம். வத்சலன் ஸ்ரீஸ்கந்தராஜா இதே குழுவினரோடு சேர்ந்து வட இலங்கையில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. பெற்றோர் பரிவோடு கவனித்துக்கொள்வதாகப் பிள்ளைகள் உணர்ந்த வீடுகளில், போரின் பாதிப்பு ஒடுங்கிப்போவதாகவும் பயந்து நடுங்குவதாகவும் மாறுவது குறைந்திருந்தது. போரை நிறுத்த அந்தப் பெற்றோரால் முடிந்திருக்காது. பிள்ளைக்கு அதன் சூடு எவ்வளவு எட்டுகிறது என்பது ஓரளவு அவர்கள் கையில் இருந்தது.

"அடியாத மாடு படியாது" என்பவர்கள் இந்த இரண்டு ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்.

அதற்காக எல்லாப் பாரத்தையும் பெற்றோர் தலையிலேயே கட்டுவதும் சரியில்லை. நிதானம் பிறவிக் குணம் என்பதைவிட, தூக்கமும் ஓய்வும் கிடைத்தவருக்கு வாய்க்கும் வசதி என்பதே பொருத்தம். வாராவாரம் ஷிப்ட் மாறும் உடம்புக்கு அது எளிதில் வாய்க்காது. தினசரி வேலைநேரத்தை 12 மணி வரை நீட்ட வழிசெய்யும் மசோதா 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கொதித்தெழ, மே தினத்தன்று அரசு அதைத் திரும்பப் பெற்றதாக முதல்வர் அறிவித்தார். வாதம் பெரும்பாலும் சம்பளத்தையும் உரிமையையும் சுற்றியே நடந்தது. பன்னிரண்டு மணி நேரம் கழித்து வீடு வரும் அம்மாவிடம் பிள்ளைக்கு என்ன மிச்சமிருக்கும் என்ற கேள்வியையும் அதில் சேர்த்திருக்கலாம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், அம்மா நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. கான்ட்ராக்டில் வேலை செய்யும் பெண், சூப்பர்வைசரிடம் அதைக் கேட்கத் துணிவது அபூர்வம்.

பிள்ளையின் கோபத்தைவிடத் தன் கோபமே பயமுறுத்தும் அளவுக்குப் போய்விட்டதாகத் தோன்றினால் பேச ஒரு இடம் உண்டு. 2022 அக்டோபரில் தமிழக அரசு "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் தொடங்கிய மனநல ஆலோசனை எண் 14416. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். இருபத்து நான்கு மணி நேரமும் எடுக்கிறார்கள் என்பதால், சி ஷிப்டின் டீ பிரேக்கிலும் கூப்பிடலாம்.