சராசரிக்குள் மறையும் மூவர்

பருவம் முடியும் நேரத்தில் பல்கலைக்கழக மாணவர்களின் கைப்பேசிக்கு ஒரு கருத்தாய்வு வரும். விரிவுரையாளர் தெளிவாக விளக்கினாரா? பாடக்குறிப்புகள் பயனளித்தனவா? ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண்ணைத் தட்டினால் வேலை முடிந்தது. கணக்கியல் படிப்புக்கு இது போதலாம். சமூகப் பணி படிப்புக்குப் போதுமா?

நம் நாட்டில் இந்தப் படிப்பு 1975-இல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. துன்புறுத்தப்பட்ட குழந்தையோடும் போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவரோடும் பேசப் பழகுவதுதான் இதன் உயிர். புத்தகம் அதில் பாதியைத்தான் சொல்லித் தரும். களப்பயிற்சி மேற்பார்வையாளர் தன்னை எப்படி நடத்துகிறார் என்பதைப் பார்த்தே மாணவர் மீதியைக் கற்கிறார். சந்தேகம் கேட்டாலே திட்டு விழும் அலுவலகத்தில் பழகியவர், நாளை தன்னை நாடி வருபவரிடம் எப்படிப் பொறுமையாகப் பேசுவார்?

அமெரிக்காவில் சமூகப் பணி படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் மன்றம், 2008-ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே இந்தச் சூழலையும் ஒரு பாடத்திட்டமாகச் சேர்த்துவிட்டது. மாணவர் சேர்க்கை, ஆலோசனை, பன்முகத்தன்மைக்கான மதிப்பு எல்லாம் அதில் அடக்கம்.

அளப்பதில் மருத்துவக் கல்வி முந்திக்கொண்டது. ஸ்காட்லாந்தின் டண்டியில் உருவாகி 1997-இல் வெளிவந்த ‘டிரீம்’ கருத்தாய்வில் 50 வாக்கியங்கள், மொத்தப் புள்ளி 200. ஆசிரியர் கோபப்படுவது, கேலி செய்வது பற்றியும் அதில் உண்டு. அத்தகைய வாக்கியங்களுக்குப் புள்ளி தலைகீழாகப் போடப்படும். படிக்காமலேயே எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைத் தட்டுபவரை இது காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் வானொலித் துறையிலும் நேயர் எண்ணிக்கை வரும். எத்தனை பேர் கேட்டார்கள் என்று சொல்லும். ஏன் அலைவரிசையை மாற்றினார்கள் என்று சொல்லாது. சராசரியும் அப்படித்தான். 30 பேரில் 27 பேர் நான்கு போட்டு, மூவர் ஒன்று போட்டால் சராசரி 3.7. அறிக்கையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த மூவரும் ஒரே இடத்தில் களப்பயிற்சி செய்தவர்கள் என்றால்?

இன்னொரு சிக்கல், பெயர். ‘பெயர் எழுத வேண்டாம்’ என்பார்கள். ஆனால் இனம், பாலினம், பயிற்சி இடம் மூன்றையும் கேட்பார்கள். வகுப்பில் ஒரே ஓர் இந்திய மாணவி என்றால் அதற்குமேல் பெயர் எதற்கு? புள்ளி போடும் மேற்பார்வையாளர் கண்ணில் படும் என்று தெரிந்தால், அவர் ஐந்தைத் தட்டிவிட்டுப் போவார்.

ஆகவே, மாணவருக்குப் புள்ளி போடாத ஒருவர்தான் பதில்களைத் திரட்ட வேண்டும். அதையும் பயிற்சியின் பாதியிலேயே கேட்க வேண்டும். முடிந்த பிறகு கேட்டால், அடுத்த ஆண்டு வருபவருக்கு உதவலாம். இப்போது அந்த அலுவலகத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பவருக்கு உதவாது.