மழை திசை மாறும் நாட்கள்

செப்டம்பரில் புதுச்சேரிக்கு மழை மேற்கிலிருந்து வருகிறது. பகலெல்லாம் வெயில் கொளுத்தும். பிற்பகலில் கடற்காற்று ஊருக்குள் நுழையும். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் மேகம் திரண்டு, இருட்டிய பிறகு இடியும் மின்னலுமாக வந்து கொட்டிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். வெப்பச்சலன மழை என்று செய்தியில் சொல்வது இதைத்தான். ஐப்பசி பிறந்ததும் வருவது வேறு மழை. கடலிலிருந்து, பெரும்பாலும் பின்னிரவிலோ விடியற்காலையிலோ கரையேறும். இடி குறைவு, விட்டு விட்டு நாள் முழுக்கப் பெய்யும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் காற்றும் கரையோர நீரோட்டமும் சேர்ந்தே திசை மாறுகின்றன. வைத்திக்குப்பத்திலும் வம்பாகீரப்பாளையத்திலும் படகு இறக்குகிறவர்களுக்கு ஆண்டில் இதைவிடக் கவனமாக இருக்க வேண்டிய பருவம் கிடையாது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை நினைத்த நாளில் அறிவித்துவிடுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஆந்திரக் கரையோரம் வரை விலகியிருக்க வேண்டும். தமிழகக் கரையில் கீழைக்காற்று நிலையாக வீச வேண்டும். அதுவும் தரைமட்டத்தோடு நின்றுவிடாமல் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை வீச வேண்டும். கரையோர மாவட்டங்களில் பரவலாக மழை பெய்திருக்க வேண்டும். இவை எல்லாம் பொருந்தினாலும் அக்டோபர் 10க்கு முன் அறிவிப்பது வழக்கமில்லை. சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். 2024இல் 15ஆம் தேதியே தொடங்கிவிட்டது.

ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை ஒரு ரப்பர் பலூன் சொல்கிறது. சென்னை மீனம்பாக்கத்திலும் நம் காரைக்காலிலும் அதைப் பறக்கவிடும் நிலையங்கள் இருக்கின்றன. உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வானத்தை அளக்க வேண்டும் என்பதால், நம் நேரப்படி காலை 5.30, மாலை 5.30 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பலூனுக்குக் கீழே நூலில் ஒரு சிறு பெட்டி தொங்கும். வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் அது அளந்து வானொலி அலையில் தரைக்கு அனுப்பிக்கொண்டே மேலேறும். பலூன் எந்தப் பக்கம் அடித்துச் செல்லப்படுகிறதோ, காற்று அந்தப் பக்கம் வீசுகிறது என்று பொருள். நொடிக்கு ஐந்து மீட்டர் ஏறுகிற பலூன், ஐந்தே நிமிடத்தில் ஒன்றரை கிலோமீட்டரை எட்டிவிடும். பிறகும் ஏறிக்கொண்டே போய், காற்று மெலிய மெலிய உப்பி, முப்பது கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி வெடித்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரு கருவியை இழந்து பெறும் தகவல் இது. கணினி எவ்வளவு வளர்ந்தாலும் வானிலைக் கணிப்பு இந்தப் பலூனை இன்னும் கைவிடவில்லை.

இனி, பருவம் முழுவதற்குமான முன்கணிப்பு. செப்டம்பர் கடைசியில் அல்லது அக்டோபர் முதல் நாட்களில் வானிலைத் துறை அதை வெளியிடும். ‘இயல்பான மழை’ என்று நாளிதழில் படித்தால், நம் தெருவுக்கு வழக்கமான மழை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழகம், கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமை, தெற்கு உள் கர்நாடகம் ஆகிய ஐந்து உட்பிரிவுகளையும் சேர்த்துப் போட்ட சராசரி அது. 1971 முதல் 2020 வரையிலான கணக்கின்படி அந்தச் சராசரி சுமார் 334 மில்லிமீட்டர். அதில் 88 விழுக்காட்டிலிருந்து 112 விழுக்காடு வரை எது பெய்தாலும் அது இயல்பு. நம் ஒன்றியப் பகுதியோ அந்த வரைபடத்தில் மூன்று உட்பிரிவுகளில் சிதறிக் கிடக்கிறது: புதுச்சேரியும் காரைக்காலும் தமிழகத்தோடு, மாகே கேரளத்தோடு, ஏனாம் கடலோர ஆந்திரத்தோடு. பிரெஞ்சுக்காரர்கள் ஒரே ஆட்சியில் வைத்திருந்த ஊர்களை மழை ஒருநாளும் ஒன்றாக நடத்தியதில்லை.

அந்தக் கணிப்புக்கு அடிப்படை பெரும்பாலும் தொலைதூரக் கடல்களின் வெப்பநிலை. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதி சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் நாட்டின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் நலியும். நமக்கு நேர்மாறாக, வடகிழக்குப் பருவம் வலுப்பெறும் வாய்ப்பு அதிகம். 2015இல் சென்னையையும் கடலூரையும் வெள்ளம் மூழ்கடித்தது வலுவான எல் நினோ ஆண்டில்தான். ஆனால் இது வாய்ப்பைச் சொல்கிற கணக்கே தவிர உறுதி அன்று. எதிர்முகமான லா நினா நிலவிய 2021இலும் தமிழகத்தில் மழை அளவுக்கு மிஞ்சிப் பெய்தது. 2016இலோ 62 விழுக்காடு குறைந்து ஏரிகள் வறண்டன.

எந்தக் கணிப்பும் இல்லாத காலத்தில் கப்பலோட்டிகள் ஒரே விதியைக் கடைப்பிடித்தார்கள்: அக்டோபர் நடுவுக்குள் சோழமண்டலக் கரையை விட்டு விலகிவிட வேண்டும். அந்நாளில் இங்கே கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் இல்லை. திறந்த கடலில்தான் நங்கூரம் பாய்ச்ச வேண்டும். 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே, புதுச்சேரி ஆளுநர் தூப்ளேக்ஸுடன் மல்லுக்கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அக்டோபர் நடுவில் அடித்த புயலில் அவருடைய கப்பல்கள் பல அழிந்தன. போரில் இழக்காததை ஓர் இரவில் இழந்தார்.

பருவக் கணிப்பு சரியாக இருந்தும் ஊர் மூழ்கலாம். 2024இல் தென்னிந்தியாவுக்கு இயல்பைவிடக் கூடுதல் மழை என்றுதான் அக்டோபர் தொடக்கத்தில் சொன்னார்கள்; அப்படியே நடந்தது. ஆனால் நவம்பர் 30 இரவு நம் கரையை ஒட்டிக் கரையேறிய ஃபெஞ்சல் புயல் மேலே நகராமல் பல மணி நேரம் அங்கேயே நிற்கும் என்பதைப் பருவக் கணிப்பு எதுவும் சொல்லாது, சொல்லவும் முடியாது. 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை! ஓர் ஆண்டு முழுக்க நமக்குப் பெய்வதே சுமார் 130 சென்டிமீட்டர்தான். ரெயின்போ நகரும் கிருஷ்ணா நகரும் குளமாகிக் கிடந்த அதே நேரத்தில் புயல் மேற்கே நகர்ந்து மலைப்பக்கம் கொட்டியது. சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணை வழியே அந்தத் தண்ணீர் பாகூர் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. நம் வானம் வெளுத்த பிறகும் திருவண்ணாமலை மழையளவைப் பார்த்துக்கொண்டிருப்பது பாகூர்க்காரர்களுக்கு நல்லது.

கரையில் இருப்பவர்களுக்கு இன்னும் துல்லியமான செய்தி துறைமுகத்துக் கொடிமரத்தில் ஏறும் புயல் எச்சரிக்கைக் கூண்டு. பகலில் கூம்பு, உருளை வடிவக் கூண்டுகள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். எண் கூடக் கூட ஆபத்து கூடுகிறது என்று பொதுவாகப் பேசிக்கொள்கிறோம். அது பாதி உண்மை. 1, 2 என்றால் புயல்சின்னம் தொலைவில் இருக்கிறது. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்துதான். புயல் எந்தப் பக்கமாகப் போகும் என்பதில்தான் வேறுபாடு. துறைமுகம் புயல் பாதைக்கு இடப்புறம் அமைந்தால் 5, வலப்புறம் அமைந்தால் 6, புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடந்தால் 7. கடும்புயலுக்கு இதே வரிசை 8, 9, 10. தகவல் தொடர்பே அறுந்துவிட்டால் 11.

இடமா வலமா என்பது ஏன் இவ்வளவு முக்கியம்? நம் பக்கத்துப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுழல்பவை. மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலப்புறம், அதாவது வடக்கே இருக்கும் ஊரில், காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்து அலையை உள்ளே தள்ளும். இடப்புற ஊரில் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் நமக்குத் தெற்கே, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் நுழைந்தது; நாம் அதற்கு வலப்புறம். 2020 நவம்பரில் நிவர் நமக்கு வடக்கே, மரக்காணம் அருகே கரையேறியது; நாம் அதற்கு இடப்புறம். ஆகவே 8ஆம் எண்ணுக்குப் பதில் 9ஆம் எண் ஏறினால், கரையோரக் குப்பங்களில் படகையும் வலையையும் மேலும் உள்ளே இழுத்து வைக்க வேண்டும்.